பின்னோக்கி நடந்த எறும்புகள்

அணில் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு. நிஜ அணில் இல்லை. பத்து வாரம் குனிந்த தலை நிமிராமல், வாலில் ஒவ்வொரு மயிராக, ஸ்கேலக்கா வரைந்த அணில்.

ஸ்கேலக்கா என்பது ஸ்டூடியோவில் அவளுக்கு விழுந்த பெயர். எதையும் அளக்காமல் நம்பமாட்டாள். ஒரு உருவத்தின் காது முந்தின காட்சியைவிட ஒரு நூல் நீண்டிருந்தால் நடந்து போகிற போக்கிலேயே கண்டுபிடித்துவிடுவாள். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டே அறை கொண்ட அந்த இடத்தில், ஒன்பது வருடமாக எந்தக் காட்சியும் அவள் கையால் டிக் விழாமல் வெளியே போனதில்லை. நிறம், அளவு, வாயசைவு, நிழல், வெளிச்சத் திசை என்று ஐந்து கட்டம் போட்ட தாள் ஒன்று வைத்திருந்தாள். ஐந்திலும் டிக் விழுந்த காட்சியை அதற்கப்புறம் யாரும் திறக்கக் கூடாது, முதலாளியே ஆனாலும். அந்தச் சட்டத்தைப் போட்டவளும் அவள்தான்.

இப்போது கையில் இருந்தது ஆறு நிமிடக் கார்ட்டூன் படம். மின்சாரத்தை எப்படிப் பிடித்து, எப்படிச் சேமித்து, எப்படி வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு மிருகங்களை வைத்துச் சொல்ல வேண்டும். மின்வாரியம் கொடுத்த வேலை. பாறையில் மல்லாந்து வெயில் காயும் ஓணான்தான் சூரியத் தகடு. வரிசையாக வெளிச்ச மணிகளைத் தூக்கிப்போகும் எறும்புகள் மின்கம்பி. தின்றுகொண்டே புகை விடுகிற எருமை பழைய அனல் நிலையம். மரப்பொந்துகளில் குடியிருக்கும் மின்மினிகள் வீடுகள். பகலில் மிஞ்சிய வெளிச்சத்தைப் பத்திரப்படுத்தி இருட்டினதும் எடுத்துக் கொடுக்கிற பேட்டரிக்குத்தான் அணில்.

படம் பார்க்க வந்த பொறியாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அழகா இருக்கு. ஆனா அணில் கொட்டையைப் புதைச்சிட்டு பாதியை எங்க வச்சோம்னு மறந்துடுமே. எங்க பேட்டரி மறக்காதுங்க."

முதலாளி சிரிப்பது போல வாயை வைத்துக்கொண்டு ஸ்கேலக்காவைப் பார்த்தார். அவள் தாளைப் பார்த்தாள். ஐந்து கட்டத்திலும் டிக் இருந்தது. அணிலுக்கு ஞாபகசக்தி உண்டா என்று ஒரு கட்டம் இல்லை.

அப்போதுதான் கடைசி மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"குரங்கை வைக்கலாமே மேடம். அது கன்னத்துல அடக்கி வச்சுக்கும். பசிக்கிறப்ப கொஞ்சம் கொஞ்சமா மெல்லும். ஓவரா அடைச்சா இப்படி ஆயிடும்." சொன்னவள் இரண்டு கன்னத்தையும் உப்பி, கண்ணைப் பிதுக்கிக் காட்டினாள்.

பொறியாளர் அம்மா மேசையைத் தட்டிச் சிரித்தார். "இதுதான்! கொள்ளளவும் வந்துடுச்சு, ஓவர்சார்ஜும் வந்துடுச்சு! யாரு இந்தப் பொண்ணு?"

"நம்ம ஸ்கேலக்காவோட தங்கச்சிதான் மேடம்," என்றார் முதலாளி. "சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகுது. வாலுன்னு கூப்பிடுவோம்."

வாலு என்ற பெயர் வீட்டிலிருந்தே வந்தது. நாலு வயதில் சுவரில் கிறுக்கி வாங்கிய பெயர். எட்டு வயது இளையவள். படிப்பு பாதியில் நின்று வீட்டில் சும்மா இருந்தவளை, நிறம் நிரப்பவாவது வரட்டும் என்று முதலாளியிடம் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்ததே ஸ்கேலக்காதான். அந்த நாளை நினைத்து அவள் இப்போது பல்லைக் கடித்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே கீழ்வீட்டுக்காரம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். "சின்னவ சொன்ன குரங்குதான் படத்துல ஹீரோவாம். பெரிய இன்ஜினியரம்மாவே கைதட்டினாங்களாம்."

"ஒன்பது வருஷமா நான் வரையறது எதையாவது யார்கிட்டயாவது சொல்லியிருக்கியாம்மா?" என்றாள் ஸ்கேலக்கா.

அம்மா நூலைப் பல்லால் அறுத்தாள். "நீ என்னடி வரைஞ்சே? நீதான் மத்தவங்க வரைஞ்சதைச் சரிபார்க்கிறேன்னு சொல்லுவியே."

கேட்டதில் குத்தல் ஒன்றும் இல்லை. தெரியாமல்தான் கேட்டாள். அதனால்தான் இன்னும் ஆழமாகத் தைத்தது. ஸ்கேலக்கா போட்டுக் கழித்த சட்டைகளைச் சின்ன வயதில் தங்கைக்குத் திருத்திக் கொடுத்ததும் அதே மெஷின்தான். ஒரு பக்கம் பிடித்து, ஒரு கை வெட்டி, அதைப் போட்டுக்கொண்டு வாலு வெளியே வந்தால் புதுச்சட்டை எங்கே எடுத்தது என்று எல்லோரும் கேட்பார்கள். அக்கா போட்டிருந்தபோது ஒருத்தரும் கேட்டதில்லை. வயிற்றுக்குள் இருந்த கொள்ளி இன்று நேற்று வைத்தது அல்ல.

ஆனால் இந்தத் தடவை அதற்குப் பெட்ரோல் ஊற்றினார் முதலாளி. மறுநாள் எல்லோரையும் சேர்த்து வைத்துச் சொன்னார். "இந்தப் படம் பிடிச்சுப்போச்சுன்னா இன்னும் மூணு படம் நமக்குத்தான். காத்தாலை, அணை, வீட்டுக்குள்ள மின்சாரம். மூணுக்கும் நான் டைரக்ட் பண்ணப் போறதில்ல, எனக்கு முதுகுவலி. உங்கள்ல ஒருத்தர் பண்ணணும். மேடத்தோட கடைசிப் பார்வை முடிஞ்சதும் சொல்றேன்." 'உங்கள்ல ஒருத்தர்' என்றபோது அவர் கண் முதலில் ஸ்கேலக்காவிடம் போய், அங்கே நிற்காமல் கடைசி மேசைக்குப் போனது. எவ்வளவு நேரம் அங்கே நின்றது என்று யாராவது அளந்திருந்தால் அவள்தான் அளந்திருப்பாள்.

குரங்குக்கு வேலை தொடங்கியது. வாலு அளவு பார்க்காமல் வரைவாள். முதல் காட்சியில் தலை பெரிதாக இருக்கும், அடுத்ததில் சிறுத்துவிடும். ஸ்கேலக்கா சிவப்புப் பேனாவால் சுழித்துத் திருப்பி அனுப்புவாள். ஒருநாள் பன்னிரண்டு காட்சியில் பதினொன்று திரும்பியது.

"அக்கா, மிச்சம் அந்த ஒண்ணு எப்படித் தப்பிச்சுது?" என்றாள் வாலு.

"அதுல குரங்கு இல்ல."

பக்கத்து அறையிலிருந்து சத்தக்காரர் தலையை நீட்டினார். படத்தில் எல்லா மிருகத்துக்கும் குரல் கொடுப்பவர் அவர்தான். சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்த அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதால் வெளியே வந்தாலும் உரக்கத்தான் பேசுவார். "என்ன ஸ்கேலக்கா, படத்துல எருமைக்குத்தானே புகை வரணும்? உங்க காதுல ஏன் வருது?"

எல்லோரும் சிரித்தார்கள். வாலுவும் சிரித்தாள், பிறகு அக்கா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அந்த நிறுத்தம் இருக்கிறதே, அதைத்தான் ஸ்கேலக்காவால் தாங்க முடியவில்லை.

அதைவிடத் தாங்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. குரங்கு நன்றாக இருந்தது. அளவு தவறிய காட்சியில்கூட உயிரோடு இருந்தது. வெளிச்ச மணி ஒன்று கன்னப்பைக்குள் விழும்போது அது ஒரு கண்ணை மட்டும் மூடும். அப்படி மூடச்சொல்லி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஸ்கேலக்கா தன் அணிலைத் திரும்ப எடுத்துப் போட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

வேலை முடிய இரண்டு வாரம் இருக்கும்போது இருபத்தேழாம் காட்சி அவளிடம் வந்தது.

இருபத்தாறில் பகல். ஓணான் வயிற்றில் வெயில் விழுகிறது, எறும்புகள் மணிகளைத் தூக்கி வந்து குரங்கின் வாயில் போடுகின்றன, கன்னம் உப்புகிறது. இருபத்தேழில் அந்தி. கன்னம் வற்ற வேண்டும், எறும்புகள் மணிகளை மரப்பொந்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கடுத்த காட்சியில் மின்மினி வீடுகளில் விளக்கு எரியும்.

அவள் ஓட்டிப் பார்த்தாள். கன்னம் அழகாக வற்றியது. நிறம் சரி. அளவு, ஆச்சரியமாக, சரி. வாயசைவு, நிழல் எல்லாம் சரி. ஏதோ உறுத்தியது. மறுபடி ஓட்டினாள். பிறகு திரையின் ஒரு மூலையைப் பெரிதாக்கினாள்.

எறும்புகள் பின்னோக்கி நடந்தன.

புரிந்துவிட்டது. வாலு இதைப் புதிதாக வரையவே இல்லை. இருபத்தாறாம் காட்சியை எடுத்துக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓடவிட்டு, பின்னணிக்கு மட்டும் அந்தி நிறம் பூசியிருக்கிறாள். இப்போதைக்கு இருக்கட்டும் என்று வைத்து, மாற்ற மறந்திருப்பாள். படம் வரைகிறவர்கள் எல்லோரும் செய்கிற குறுக்குவழிதான் அது. உப்புகிற கன்னத்தைத் திருப்பி ஓட்டினால் வற்றுகிற கன்னம். எல்லோர் கண்ணும் கன்னத்தில்தான் இருக்கும். ஆனால் குரங்கின் வாயிலிருந்து கிளம்பிய வெளிச்சம் மரப்பொந்துக்குப் போகவில்லை. வந்த வழியே எறும்பின் முதுகில் பின்வாங்கி, இருட்டுகிற நேரத்தில் தூங்கப்போகிற ஓணானின் வயிற்றுக்குள் போய் நிறைந்தது. சேமித்த மின்சாரம் முழுவதும் சூரியத் தகட்டுக்கே திரும்பிப் போகிறது. மின்சாரத்தைப் பற்றிச் சொல்ல எடுத்த படத்தில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது.

அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள்.

கடைசி மேசையில் வாலு யாருக்கோ குரங்கின் தும்மலை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். முதலாளி காபிக் கோப்பையோடு நின்று அதைப் பார்த்து, குடிக்க மறந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

ஸ்கேலக்கா சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். நீலப் பேனாவை எடுத்து ஐந்து கட்டத்திலும் டிக் போட்டாள். வெளிச்சத் திசை என்ற கட்டத்தில் டிக் கொஞ்சம் கோணலாக விழுந்தது. ஒன்பது வருடத்தில் அவள் தெரிந்தே போட்ட முதல் பொய் டிக்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரமும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காட்சியைத் திறக்கலாம். சட்டம் போட்டவளே திறந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? தினமும் காலையில் இன்று சொல்லிவிடுவோம் என்று படியேறுவாள். மேலே போனதும் வாலுவைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம் இருக்கும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிடுவாள்.

கடைசிப் பார்வை மின்வாரியத்தின் கூட்ட அறையில் நடந்தது. நீள மேசை, சுழல் நாற்காலிகள், ஒரு சுவர் அகலத்துக்குத் திரை. பொறியாளர் அம்மா, முதலாளி, சத்தக்காரர், அக்கா, தங்கை. விளக்கை அணைத்தார்கள். ஓணான் மல்லாந்தபோது பொறியாளர் அம்மா சிரித்தார். எருமைக்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார். ஸ்கேலக்கா காட்சிகளை எண்ணிக்கொண்டே இருந்தாள். இருபத்தைந்து. இருபத்தாறு.

"ஒரு நிமிஷம்," என்றார் பொறியாளர் அம்மா. "இதைத் திரும்பப் போடுங்க."

போட்டார்கள். அவ்வளவு பெரிய திரையில் எறும்புகள் விரல் நீளம் இருந்தன.

"ஏன் பின்னாலயே நடக்குது? இருங்க, வெளிச்சம் எங்க போகுது? அய்யய்யோ, ஓணானுக்கே திரும்பப் போகுதே! சாயங்காலம் பேட்டரியைத் தகட்டுல கொட்டிட்டா அப்புறம் வீட்டுக்கு என்னத்தைக் கொடுக்கிறது?"

விளக்கைப் போட்டார்கள். முதலாளியின் முகம் வெளுத்திருந்தது. "இதை யாரு பார்த்து அனுப்பினது?" என்றார், ஒருவர்தான் பார்த்து அனுப்புவார் என்று தெரிந்தும்.

வாலு எழுந்தாள். "என் தப்பு சார். அக்கா அன்னைக்கே சொன்னாங்க. உடனே மாத்திடறேன், நீங்க டிக் மட்டும் போட்டுடுங்கன்னு நான்தான் கெஞ்சினேன். அப்புறம் மறந்தே போயிட்டேன்."

முதலாளி பெருமூச்சு விட்டார். பொறியாளர் அம்மாவின் முகம் இளகியது. "சரி, சரி. தப்பை இப்படி உடனே ஒத்துக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? உக்காரும்மா."

நடந்தது என்ன என்று ஸ்கேலக்காவுக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மாட்டிக்கொள்ள வேண்டியவள் மாட்டவில்லை, பாராட்டு வாங்கிவிட்டாள். அக்கா காப்பாற்றப்பட்டுவிட்டாள். இனி ஆயுசுக்கும் அந்தக் கடன் கழுத்தில் தொங்கும். அணில் போயிற்று, அம்மாவின் பெருமை போயிற்று, கடைசி மேசைக் கூட்டம் எப்போதோ போயிற்று. இந்தப் படத்தில் அவளே யோசித்து, அவளே செய்தது என்று மிச்சம் இருந்தது அந்த ஒரு தப்புதான். இப்போது அதையும் இவள் எடுத்துப் போட்டுக்கொண்டு புதுசாக்கிவிட்டாள், சட்டையைப் போல.

அவள் எழுந்தபோது சுழல் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"பொய் சார். அவ என்கிட்ட ஒண்ணும் கெஞ்சல. நான் சொல்லவும் இல்ல. எறும்பு பின்னால நடக்குறதைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் டிக் போட்டேன்."

"ஏம்மா?" என்றார் முதலாளி.

"அவ இங்க, இப்படி எல்லார் முன்னாலயும் மாட்டணும்னு."

தங்கை அக்காவை ஏதோ கேட்க வந்தவள் போல நிமிர்ந்து பார்த்து, பிறகு மேசையின் விளிம்பைப் பார்த்தாள்.

பொறியாளர் அம்மாதான் தொண்டையைச் செருமினார். அவருக்கு வீட்டுச் சண்டையைவிட ஓணானைப் பற்றித்தான் கவலை. "இதுல ஒரு விஷயம் சொல்லணும். இந்தத் தப்பு நிஜத்துலயும் நடக்கும். ராத்திரி பேட்டரியிலிருந்து தகட்டுக்கு மின்சாரம் திரும்பிப் போயிடாம இருக்க, நடுவுல ஒண்ணை வைப்போம். ஒரு பக்கம் மட்டும்தான் விடும். அதை நாம படத்துல சொல்லவே இல்லையே. அதுக்கும் ஒரு மிருகம் வச்சா என்ன?"

ஸ்கேலக்காவின் மூளை ஓடத் தொடங்கியது. ஒரு பக்கம் மட்டும் விடுவது. முள்ளா? ஓடா? நண்டு? நண்டு பக்கவாட்டில்...

"கொக்கு," என்றாள் வாலு, மேசை விளிம்பிலிருந்து கண்ணை எடுக்காமலே. "வழியில ஒத்தைக் காலில் நிக்கும். கையில ஒரு ஸ்கேல் வச்சிருக்கும். ஒவ்வொரு எறும்பையும் அளந்து பார்த்துட்டுத்தான் விடும். திரும்பி வந்தா விடவே விடாது."

சத்தக்காரர் மூக்கால் சிரித்தார். பொறியாளர் அம்மா புரியாமல், "நல்லாருக்கே!" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

வெளியே நடைபாதையில் முதலாளி ஸ்கேலக்காவைத் தனியாக நிறுத்தினார். திட்டவில்லை. டிக் தாள்கள் இருந்த ஃபைலை அவள் கையிலிருந்து வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "மூணு படத்தையும் வாலு பண்ணட்டும். இது கொஞ்ச நாள் என்கிட்ட இருக்கட்டும். இருபத்தேழை நீ வரைஞ்சு கொடு, கொக்கோட. வியாழக்கிழமைக்குள்ள."

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே இடம்தான் காலியாக இருந்தது. வாலு உட்காரச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். ஸ்கேலக்கா உட்காரவில்லை. வாலுவும் உட்காரவில்லை. மூன்றாவதாக ஏறிய ஒருவர் இருவரையும் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் ஸ்கேலக்கா, கம்பியைப் பிடித்தபடி. "திருப்பிப் போட்டதை மாத்தலைன்னு?"

"நீ டிக் போட்ட அன்னைக்கே தெரியும். தாள் திரும்பி வந்ததும் பக்குன்னுச்சு. ஓடிப்போய்ப் பார்த்தேன்."

"அப்ப வந்து சொல்ல வேண்டியதுதானே?"

"டிக் விழுந்ததைத் திறக்கக் கூடாதுன்னு யாரு சட்டம் போட்டது?"

"விளையாடாதேடி."

வாலு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுவேன்னு பார்த்துட்டே இருந்தேன்க்கா. ரெண்டு வாரமும். தினமும் நீ படியேறி வர்றப்ப இன்னைக்குச் சொல்லிடுவான்னு நினைப்பேன்."

"நான் இன்னைக்கும் வாயைத் திறக்காம இருந்திருந்தா?"

"உன்னை டைரக்டர் ஆக்கியிருப்பாங்க. நான் உன்கூட ஒரு வருஷம் பேசியிருக்க மாட்டேன்." பஸ் குலுங்கி நின்றது. "அந்தக் கொக்கு மேட்டர் வேணும்னுதான் சொன்னேன். கோவம் வந்துச்சு."

"தெரியும்," என்றாள் ஸ்கேலக்கா. அவளுக்கு அழுகை வரவில்லை. மன்னிப்புக் கேட்கவும் தோன்றவில்லை. கோபத்தில்கூட இவளுக்கு இப்படி ஒன்று எப்படித் தோன்றுகிறது என்ற எரிச்சல்தான் வந்தது.

புதன்கிழமை காலையே வந்து உட்கார்ந்தாள். எறும்புகளை ஒவ்வொன்றாக முன்னோக்கி நடக்கவைத்தாள். பிறகு கொக்கை எடுத்தாள். அதற்கு மாதிரி எதுவும் தேவைப்படவில்லை. கழுத்தை எவ்வளவு வளைத்தால் சந்தேகம் தெரியும், ஸ்கேலை எந்தச் சிறகால் பிடித்தால் கறாராகத் தெரியும் என்று கைக்கே தெரிந்திருந்தது. ஓணான் பக்கம் திரும்ப முயன்ற ஒரு எறும்பைக் கொக்கு வெறும் பார்வையால் நிறுத்தியது. அந்த இடத்தில் கொக்கு ஒரு கண்ணை மட்டும் மூடியது. மூடிய பிறகுதான் அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு நினைவு வந்தது. அழிக்கலாமா என்று யோசித்தாள். விட்டுவிட்டாள்.

முதலாளி பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, சத்தக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். சத்தக்காரர் வெகுநேரம் நின்றார். "இதுக்குக் குரல் எப்படி வைக்கிறது?" என்றார், முதல் முறையாக மெதுவான குரலில். "இது பேசவே வேண்டாம் போலிருக்கே."

கடைசி மேசையில் புதுப்படத்துக்கான கூட்டம் நடந்துகொண்டிருந்தது. காற்றாலைக்குப் பருந்தா, தட்டாம்பூச்சியா என்று வாலு கையை விரித்துச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஸ்கேலக்கா குரங்கை வரையத் தொடங்கினாள். அந்தக் காட்சியில் கொக்கும் குரங்கும் பக்கத்தில் பக்கத்தில் வரும். கொக்குக்கு முன்னால் குரங்கைக் கொஞ்சம் சிறிதாகப் போட்டாள். ஒரு நூல்தான். திரையில் யாருக்கும் தெரியாது. இப்போது சரிபார்க்கிற தாளும் அவளிடம் இல்லை, கேட்பதற்கும் ஆள் இல்லை.

சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரில் ஒட்டியிருந்த அளவுப் படத்தில் குரங்கின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்தாள். வரைந்ததை அழித்துவிட்டு, சரியான உயரத்தில் மறுபடி வரைந்தாள்.